மொரிதா சானின் சொல் நோட்டும் எங்கள் வீட்டு இலைச் சாப்பாடும்

நவோமி என்ற பெயரோடு ஜப்பானுக்கு வேலைக்குப் போவதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வசதி என்னவென்றால், பெயரை யாருக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தெருவுக்கு ஒரு நவோமி இருக்கிறாள். தொல்லை என்னவென்றால், ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ பெயரைக் கூப்பிட்டு நான் எழுந்து நின்றால், கூப்பிட்டவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்தப் பெயரை வைத்தது பைபிளைப் பார்த்து. ஜப்பானியர்களுக்கு அது அவர்களுடைய எழுத்திலேயே தானாக அமைந்த பெயர். இரண்டுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதை மொரிதா சானிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். மொரிதா சான், நான் கட்டிக்கொள்ள நினைத்திருக்கும் கென்ஜியின் அப்பா; 'சான்' என்பது அங்கே பெயரோடு சேர்க்கும் மரியாதை. ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு அவருக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, ஜப்பானியச் சொற்களைப் போலவே ஒலிக்கும் வேற்றுமொழிச் சொற்களைத் தேடிப்பிடித்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது. தமிழ்ப்பெண்ணைக் காதலிக்கிறேன் என்று மகன் சொன்ன அன்று, அவர் என் குணத்தையும் கேட்கவில்லை, குடும்பத்தையும் கேட்கவில்லை. பல்லுக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டார்.

நான் விடுப்பில் ஊருக்குக் கிளம்பியபோது, தானும் வந்து எங்கள் வீட்டைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். கென்ஜிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆக, மாமனாராக ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்ற நிலையில் இருக்கும் ஒரு மனிதருக்கு, நானே வழிகாட்டி, நானே மொழிபெயர்ப்பாளர்.

விமானத்தில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "நான் பார்க்கத்தான் வருகிறேன். திரும்பிப் போய் என் மனைவி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துத்தான் பதில் சொல்வேன். அதுவரை என்னிடம் யாரும் பதில் கேட்காமல் நீ பார்த்துக்கொள்." சரி என்றேன். அவர் மறுத்தாலும் கென்ஜி என்னைக் கட்டிக்கொள்வான். ஆனால் அவன் ஒரே பிள்ளை, அப்பா தனி ஆள். அப்படி மீறிக் கட்டிக்கொண்டால் மூன்று பேரும் வாழ்நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிவோம். எனக்கு அவருடைய சம்மதம் வேண்டும். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று நினைத்திருந்தேன், செய்தும் விட்டேன்.

முதல் நாள். பெங்களூரிலிருந்து வந்த வாடகைக் கார் கிருஷ்ணகிரி தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அதில் காற்றே இல்லை. "பத்தே நிமிசம் மேடம்" என்று சொல்லிவிட்டு டிரைவர் டயரை உருட்டிக்கொண்டு போனார். வேலைக் காலம் முழுவதும் ரயிலை நொடிக்கணக்கில் அனுப்பிப் பழகிய மொரிதா சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து, "இங்கே ஒரு நிமிடத்துக்கு எத்தனை நொடி?" என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. கடைக்காரர் குனிந்து எடுத்து, "சார், பொத்தான்" என்று நீட்டினார். மொரிதா சானுக்குக் கண் விரிந்துவிட்டது. ஜப்பானியத்திலும் அது 'போத்தன்'தான். நோட்டு வெளியே வந்தது. "இது உங்களுடைய சொல்லும் இல்லை, எங்களுடைய சொல்லும் இல்லை. போர்ச்சுகீசியர்கள் ஒரே சரக்கை இரண்டு துறைமுகத்திலும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, இரண்டு மொழிக்கும் உறவு என்று சிவப்பு வட்டம் போடவும் தவறவில்லை.

காரை நம்பிப் பயனில்லை என்று பஸ் ஏறினோம். தர்மபுரி வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி, நின்றுகொண்டே கடத்தூர் வந்து, வீடு சேர்ந்தபோது மணி மூன்றரை. காலையில் விமானத்தில் கொடுத்த ஒரு துண்டு ரொட்டிக்குப் பிறகு அவர் வயிற்றில் டீயைத் தவிர எதுவும் போகவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது சோறு சாப்பிட மாட்டார்கள். பெண் வீட்டார் சமைத்து வைத்து, இலையும் போட்டுக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள், "இருக்கட்டுங்க, இன்னொரு நாளிக்கி ஆவட்டும்" என்று ஒரு வாய்த் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறினால் ஊர் காறித் துப்பும். வேதம் மாறி எத்தனையோ தலைமுறை ஆகியும் இந்த விஷயத்தில் நாங்கள் அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களோடு ஒரே கட்சிதான்.

அம்மா ஆரோக்கியமேரி நடுக்கூடத்தில் இலை போட்டு, "வாங்க, வந்து ஒக்காருங்க. ரெண்டு வாய் சாப்புடுங்க" என்றார். அப்பா மரியதாஸ் கைகட்டி நின்றார். பேச்சு முறைப்படி நடக்கிறதா என்று கண்காணிக்க என் தாய்மாமன் சவரிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சொந்தத்தில் முறை தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர் அவர்.

மொரிதா சான் இலையைப் பார்த்தார். கை கூப்பி, சாப்பிடும் முன் அவர்கள் நன்றியாகச் சொல்லும் 'இதாதாகிமாசு'வைச் சொன்னார். உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர் மொழியில் சொல்ல ஒரு நொடி போதும். மறந்துவிட்டேன் என்று எழுதிவிட்டுப் போக ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மறக்கவில்லை. தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன். வேலை தானாகவே முடிகிறது என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாட்டுக்கோழிக் குழம்புக்கு இரண்டு முறை சோறு, ரசத்துக்கு ஒரு முறை. பிறகு அப்பாவுக்காக எடுத்து வைத்திருந்த ராகிக் களியைக் காட்டி அதிலும் ஒரு உருண்டை கேட்டு வாங்கினார். அதை மென்று பார்த்துவிட்டு, மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அப்பா சைகையில் காட்டியதும் அப்படியே செய்தார். மாமா சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். வெற்றிலை, தேங்காய், பூ எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, மொரிதா சான் நெற்றியில் சந்தனம் வைத்து, வாயில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டு, "சந்தோசங்க சம்பந்தி" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்றார் மொரிதா சான்.

"விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை" என்றேன். அது முதல் பொய்.

இரண்டாம் நாள் மாமா தன் மொபெட்டில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் அப்பாவின் வண்டியில் பின்தொடர்ந்தேன். கடத்தூர்ச் சந்தையில் புளிக் குவியலைப் பார்த்ததும் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, ஊறுகாய் போட்ட தங்கள் ஊர் 'உமே' காய் மாதிரியே இருப்பதாகச் சொன்னார். கூடவே நோட்டும் நிறைந்துகொண்டு வந்தது. அங்கே அண்ணனுக்கு 'அனி', அக்காவுக்கு 'அனே'. நம் அண்ணன், அண்ணி இரண்டு பேரையும் பக்கத்தில் எழுதி வட்டம் போட்டார். உயிருள்ளவை இருப்பதைச் சொல்ல 'இரு' என்பார்கள். நம்முடைய 'இரு' கிடைத்ததும் ஒரு பக்கத்தையே அதற்கு ஒதுக்கினார். இது எனக்கும் கொஞ்சம் மயிர்க்கூச்செறியத்தான் வைத்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அப்பாவை 'சிச்சி' என்பார்கள் என்று அவர் சொல்ல, நான் தமிழில் சொன்னதும் மாமா, "பெத்தவன போயி சீச்சீன்னா சொல்லுவாங்க?" என்று வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

எங்கள் தெருவிலேயே தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் "ஏமி? ஏமி?" என்று கேட்கும்போதெல்லாம் மொரிதா சான் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எமி என்பது அவர் தங்கை பெயராம். அடுத்த வீட்டு மாரியம்மாளை எல்லோரும் 'மாரி' என்று கூப்பிட, தங்கள் ஊரிலும் மாரிகள் உண்டு என்று அவளுக்கு மூன்று விதமாக அந்தப் பெயரை எழுதிக் காட்டினார். மாரி அந்தத் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க நவோமிய நல்லா பாத்துக்கோங்க ஐயா. கோவம் மூக்கு மேல நிக்கும், மனசு தங்கம்" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?"

"எழுத்து அழகாக இருக்கிறது என்கிறாள்."

அன்று மட்டும் வாழ்த்துச் சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர். ஏழெட்டுப் பொய். வெயில் அதிகம் என்கிறார், புளி விலையைச் சொல்கிறார், உங்கள் தொப்பி நன்றாக இருக்கிறதாம். மொழிபெயர்ப்பு எனக்கு நன்றாகக் கைவந்த தொழில். ஒரு தயக்கமும் இல்லாமல் வந்து விழுந்தது.

மூன்றாம் நாள் அதியமான்கோட்டைக்குப் போனோம். நெடுஞ்சாலையோரம் மாமாவின் மகள் ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். சம்பந்திக்குச் சட்டை தைக்க வேண்டும் என்று மாமா பிடிவாதம். மொரிதா சான் கைகளை விரித்துக்கொண்டு சமத்தாக நின்று அளவு கொடுத்தார். ஜப்பானில் சட்டைக்கு அளவெடுக்கும் கடையைப் பார்த்தே பல வருடம் ஆகிறது என்றார். இது எதற்கு என்று கேட்டதற்கு, நினைவுப் பொருள் என்றேன். திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் என்னிடம் சொன்னார்: "உன் ஊர்க்காரர்கள் என்னை எதுவும் கேட்டு நெருக்கவில்லை. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். நன்றி." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு அவரும் வந்தார். பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய சிலுவையைக் காட்டி மாமா, "குருசு" என்றார். மொரிதா சான் அப்படியே நின்றுவிட்டார். அவர்கள் நாட்டில் கிறிஸ்தவர்கள் ஒளிந்து ஒளிந்து ஜெபம் செய்த ஒரு காலம் இருந்தது. அவர்கள் சிலுவையைக் 'குருசு' என்றுதான் சொன்னார்களாம். இதுவும் பொத்தானோடு வந்த சரக்குதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

பூசை முடிந்து வாசலில் பங்குச் சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "ரொம்ப சந்தோஷம். கல்யாணம் எந்த மாதம்?"

மொரிதா சானுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனால் இது புரியும் அளவுக்கு வரும். என் பக்கம் திரும்பினார்.

"நவோமி சான். இவர் யாருடைய கல்யாணத்தைக் கேட்கிறார்?"

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். இலை, சர்க்கரை, சந்தனம், சட்டை, மாரி சொன்னது, எல்லாம். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அப்படியா" என்று ஒரே ஒரு முறை சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா இலை போட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கறி. மொரிதா சான் இலைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். எடுக்கவில்லை.

"ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா பாப்பா? கேளு" என்றார் அம்மா.

நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன். சோறு ஆறியது. அம்மா அதை எடுத்துவிட்டுச் சூடாக வேறு போட்டார். அதுவும் ஆறியது. டீ வந்தது, தொடவில்லை. வடை வந்தது, தொடவில்லை. அவருக்குப் பசி. வயிறு இரைவது அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது. அம்மா அடுப்படியில் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாம என்ன கொற வச்சோம்?" என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான மத்தியானத்தை நான் பார்த்ததில்லை.

வெயில் தாழ்ந்ததும் மொரிதா சான் என்னைக் கூப்பிட்டார். "உன் மாமாவை வரச் சொல். எல்லோரும் உட்காரட்டும். முதலில், அன்று நான் சாப்பிட்டது எப்படி என்று நீ அவர்களுக்குச் சொல். பிறகு நான் ஒரு கேள்வி கேட்பேன். அதை மாற்றாமல் சொல்."

சொன்னேன். சொந்த மொழியில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவருக்கு வழக்கம் தெரியாது, எனக்குத் தெரியும், தடுக்கவில்லை, நான்கு நாளும் பொய் சொன்னேன் என்று நான்கே வரியில் முடித்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

மாமாதான் முதலில் பேசினார். "அந்த மனுசனுக்கு ஒண்ணுமே தெரியாம வாயில சக்கர போட்டனே. ஊரெல்லாம் சொல்லிட்டனே புள்ள." எழுந்து மொரிதா சானுக்கு முன்னால் போய், "மன்னிச்சிருங்க சம்..." என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "மன்னிச்சிருங்க ஐயா" என்று முடித்தார். நாற்பது ஊர்ப் பஞ்சாயத்தில் குரல் தாழாத மனிதர் அவர். என்னால்தான் அன்று தாழ்ந்தது.

மொரிதா சான் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். நான் மாற்றாமல் சொன்னேன். "என் வீட்டில் நானும் மகனும்தான் இருக்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு என்றாவது ஒருநாள் நீங்கள் இவர்கள் இரண்டு பேரையும் இங்கே கூப்பிட்டுக்கொள்வீர்களா? கூப்பிட்டால் நான் கோபப்பட மாட்டேன். ஆனால் எனக்கு இப்போதே தெரிய வேண்டும். இதைக் கேட்கத்தான் வந்தேன். மூன்று நாளாகக் கேட்கத் தைரியம் வரவில்லை. சொற்களைத் தேடிக்கொண்டு திரிந்தேன். சொல் ஒன்றாக இருந்தால் மனிதர்களும் எளிதாக இருப்பார்கள் என்று நினைத்தேன். நோட்டு நிறைந்துவிட்டது, நடந்தது எதுவும் எனக்குப் புரியவில்லை."

அப்பா அவருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் இவ ஒருத்திதாங்க. அங்க போயி எட்டு வருசம் ஆவுது. எப்ப வருவேன்னு கேக்கலாம்னு ஒவ்வொரு ஃபோனுக்கும் வாய் வரிக்கும் வரும். கேக்க மாட்டேன். கேட்டா, நான் சந்தோசப்படணும்னு எதனா பொய் சொல்லுவா." என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப அவரிடம் சொன்னார். "நானா கூப்புட மாட்டேங்க. ஆனா கூப்புடவே மாட்டேன்னு வாக்கு குடுக்க முடியாது. நான் படுத்துட்டா கூப்புடுவேன். அப்ப நீங்களும் கூட வந்துருங்க. வூட்ல எடம் இருக்குது. நீங்க படுத்தாலும் அப்டித்தான். அவ உங்ககிட்ட இருக்கட்டும், நான் கேக்க மாட்டேன்."

பொய் சொல்வேன் என்ற வரியையும் விடாமல் ஜப்பானியத்தில் சொன்னேன். மொரிதா சான் என் பக்கம் திரும்பாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் படுத்தால் கூப்பிடத்தான் செய்வேன். இவர் உண்மையைச் சொல்கிறார்" என்றார். "மனைவியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்தார். அம்மா ஓடிப்போய்ப் புது இலை கொண்டு வந்தார். மாமா எழுந்து தானே தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். அவர் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கோபமே இல்லாத குரலில் ஒன்று சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றார் அம்மா, குழம்புக் கரண்டியோடு.

"கல்யாணத்துக்கு மொழிபெயர்க்க வேற ஆளப் பாக்கணுமாம், அம்மா. என்னை நம்ப முடியாதாம்."

"சரியாத்தான் சொல்றாரு" என்று சொல்லிவிட்டு, அம்மா அவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.